சட்டத்தின் வரிகளை எழுதச் சொல்பவர்கள்

நம் தோட்டங்களில் வெட்டும் செம்பனைக் குலை ஆலைக்குப் போகிறது, எண்ணெயாகிறது, அதில் ஒரு பங்கு கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகிறது. பால்மரத்தில் எடுக்கும் ரப்பருக்கும் அதே பயணம்தான். அங்கே அதை எந்த நிபந்தனையோடு வாங்கலாம் என்று சட்டம் செய்வது ஐரோப்பிய ஒன்றியம் என்னும் 27 நாடுகளின் கூட்டமைப்பு. அதற்கென்று ஒரு நாடாளுமன்றம் உண்டு. 1979 முதல் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024 தேர்தலுக்குப் பின் அவர்கள் 720 பேர். பிரான்சிலுள்ள ஸ்ட்ராஸ்பர்க் நகரில் சபை கூடுகிறது. குழுக்களின் வேலை பெரும்பாலும் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் நடக்கிறது. அந்த உறுப்பினர்களைத் தேடிப் போய், ‘சட்டத்தை இப்படி எழுதுங்கள்’ என்று கேட்பவர்களைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு.

இந்த வேலைக்கு லாபி என்று பெயர். லாபி என்றால் மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் கூடம். உறுப்பினர் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அங்கே நின்று பேசினார்களாம். இன்று அப்படிக் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை. பிரசல்ஸில் அலுவலகம் போட்டு, சம்பளத்துக்கு ஆள் வைத்தே செய்கிறார்கள். எண்ணெய்க் கம்பெனிகள், மோட்டார் கம்பெனிகள், விவசாயிகள் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், காட்டைக் காக்கப் போராடும் இயக்கங்கள் எல்லாரும் அதில் உண்டு. இவர்களுக்கென்று 2011-இல் பொதுப் பதிவேடு ஒன்று திறந்தார்கள். அதில் பெயர் கொடுத்த அமைப்புகள் பின்னாளில் 12,000-ஐத் தாண்டின.

இவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள்? ஓட்டெடுப்பு நாளன்று கூட்டம் சேர்த்துக் கோஷம் போடுவதுதான் வழி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த நாள் வருவதற்குள் காரியம் முக்கால்வாசி முடிந்துவிடும். சட்டத்தின் முதல் வரைவை எழுதுவது ஐரோப்பிய ஆணையம். அது நாடாளுமன்றத்துக்கு வந்ததும் ஒரு குழுவின் கைக்குப் போகும். குழுவில் ஓர் உறுப்பினர் பொறுப்பேற்று அறிக்கை எழுதுவார். மற்றக் கட்சிக் குழுக்கள் அவரோடு சேர்ந்து பார்வையிட ஆளுக்கொருவரை வைக்கும். ஆகவே 720 பேரையும் துரத்த வேண்டாம், இந்த ஏழெட்டுப் பேரைப் பார்த்தால் போதும். விவரம் அறிந்தவர்கள் அவர்களிடம் வெறுங்கையோடு போவதில்லை. ‘இன்ன வரியில் இந்தச் சொல்லை எடுத்துவிட்டு இந்தச் சொல்லைப் போடுங்கள், காரணம் இது’ என்று எழுதிய தாளோடு போகிறார்கள். பள்ளியில் விண்ணப்பக் கடிதம் எழுதப் பழக்கும்போது, கேட்பது என்ன என்பதை முதல் பத்தியிலேயே எழுது என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். பிரசல்ஸிலும் அதே பாடந்தான்.

தாளைவிடக் கனமானது ஒன்று உண்டு. அதுதான் ஓட்டு. ஐரோப்பாவில் வாகன டீசலோடு தாவர எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலக்கிறார்கள். 2017 ஏப்ரலில், செம்பனை எண்ணெயைக் கலப்பதை 2020-க்குள் நிறுத்துமாறு கேட்கும் தீர்மானத்தை நாடாளுமன்றம் 640-க்கு 18 என்ற கணக்கில் நிறைவேற்றியது. 2018 ஜனவரியில் அதே கருத்தைச் சட்ட வரைவிலேயே சேர்க்கவும் ஓட்டளித்தது. காடு அழிகிறதே என்ற கவலை உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐரோப்பாவில் செம்பனை விளைவதில்லை. கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் என்னும் எண்ணெய் விதை விளைகிறது. அதைப் பயிரிடும் விவசாயிக்கு அங்கே ஓட்டு இருக்கிறது, செம்பனை போட்டவருக்கு இல்லை. அந்த ஓட்டெடுப்பு நடந்த வாரத்தில் பெல்டா குடியேற்றக்காரர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கோலாலம்பூரில் திரண்டார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் தூதரிடம் மனுவும் கொடுத்தார்கள். தூதர் சபையில் ஓட்டுப் போடுகிறவர் அல்லரே!

நாடாளுமன்றம் சொன்னதே சட்டமாகிவிடுவதும் இல்லை. உறுப்பு நாடுகளின் அரசாங்கங்களோடு பேசி முடிக்க வேண்டும். 2018 ஜூனில் அந்தப் பேச்சு முடிந்தபோது, செம்பனை என்ற பெயரைச் சொல்லித் தடுப்பது கைவிடப்பட்டிருந்தது. நம் பக்கம் மூச்சு விட்டார்கள். மறு ஆண்டு ஒரு கணக்கு வந்தது. ஒரு பயிர் புதிதாகப் பரவிய நிலத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் காடும் சதுப்பும் அழிந்திருந்தால், அந்தப் பயிரின் எரிபொருளை 2030-க்குள் படிப்படியாக விலக்க வேண்டும். அவர்கள் கணக்கில் சோயாவுக்கு 8, செம்பனைக்கு 45. பெயரை எடுத்தவர்கள் எண்ணைப் போட்டுவிட்டார்கள்! இப்படிப்பட்ட ஓர் எண்ணுக்காகத்தான் லாபிக்காரர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கு நிற்கிறார்கள்.

பிரான்ஸ் நாட்டுச் சபையில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். 2020 முதல் செம்பனை எண்ணெய் டீசலுக்கு வரிச் சலுகை இல்லை என்று அங்கே முடிவு செய்திருந்தார்கள். அங்குள்ள பெரிய எண்ணெய்க் கம்பெனி ஒன்று தன் சுத்திகரிப்பு ஆலையை இத்தகைய எண்ணெய்க்காகவே மாற்றி அமைத்திருந்தது. சலுகை போனால் ஆலைக்கு நட்டம், தொழிலாளருக்கு வேலை போகும் என்று வாதம் எழுந்தது. எதிர்ப்பக்கத்தில் விவசாயிகள். அவர்கள் 2018 ஜூனிலேயே டிராக்டர்களோடு வந்து எண்ணெய் ஆலைகளை மறித்தவர்கள். 2019 நவம்பர் 14 அன்று, அந்த முடிவை 2026 வரை தள்ளிப்போடும் திருத்தம் ஒன்று விவாதமே இல்லாமல் சபையில் நிறைவேறிவிட்டது. செய்தி வெளியே வந்ததும் பெரிய சத்தம். பிரதமர் மறு ஓட்டெடுப்புக் கேட்டார். மறுநாளே 58-க்கு 2 என்று அந்தத் திருத்தம் கவிழ்ந்தது. ஆள் பார்க்காத நேரத்தில் எழுதிய வரி, ஆள் பார்த்த மறுநாள் நிற்கவில்லை.

இதெல்லாம் லஞ்சந்தானே என்று கேட்கலாம். அப்படியல்ல. தன் காரியத்தை எடுத்துச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. பணம் கைமாறினால் அது குற்றம். 2022 டிசம்பரில் அப்படி ஒரு சந்தேகத்தில் பெல்ஜியப் போலீசார் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் துணைத் தலைவர்களில் ஒருவரையே கைது செய்தார்கள். அதன் பிறகு, 2023 நவம்பர் முதல், லாபிக்காரர்களைச் சந்தித்த விவரத்தை எல்லா உறுப்பினர்களும் வெளியிட வேண்டும் என்று விதி வந்தது. பணம் உள்ளவருக்கு நூறு சந்திப்பு, இல்லாதவருக்கு ஒன்று என்ற நிலையை அந்த விதி மாற்றாது. எத்தனை சந்திப்பு என்பதை எண்ணிப் பார்க்க மட்டும் உதவும்.

இனி ரப்பருக்கு வருகிறேன். காட்டை அழித்து விளைந்த பொருளை ஐரோப்பாவில் விற்கக் கூடாது என்ற சட்டத்துக்கு ஆணையம் 2021 நவம்பரில் வரைவு கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் மாடு, கொக்கோ, காப்பி, செம்பனை, சோயா, மரம் இருந்தன. ரப்பர் இல்லை. காடு காக்கும் இயக்கங்கள் விடவில்லை. வரைவு எழுதுவதற்கு முன்பே, 2020-இல் ஆணையம் மக்களின் கருத்தைக் கேட்டபோது, ஏறக்குறைய 12 லட்சம் பதில்கள் குவிந்தன. அதில் பெரும்பாலானவை அந்த இயக்கங்கள் திரட்டிக் கொடுத்தவை. 2022 செப்டம்பரில் நாடாளுமன்றம் 453-க்கு 57 என்று ஓட்டளித்தபோது ரப்பரைப் பட்டியலில் சேர்த்தது. சோளம், கோழி, பன்றி ஆகியவற்றையும் சேர்த்தது. அரசாங்கங்களோடு நடந்த பேரத்தில் சோளமும் கோழியும் பன்றியும் வெளியே போயின. ரப்பர் தங்கியது. 2023-இல் அது சட்டமாயிற்று.

அதே சட்டத்தில் நம்மைத் தொடும் இன்னொரு வரியும் இருக்கிறது. பொருள் விளைந்த நாட்டின் சட்டப்படி, நில உரிமையும் தொழிலாளர் உரிமையும் மீறப்படாமல் விளைந்திருக்க வேண்டும் என்கிறது அது. மனித உரிமைகளைச் சேர்க்க வேண்டும் என்று அங்கே அழுத்திக் கேட்டவர்களில் அங்குள்ள உரிமை இயக்கத்தாரும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இருந்தார்கள். குலை வெட்டுபவரும் பால்மரம் வெட்டுபவரும் கேட்டிருக்க வேண்டியதை வேறொருவர் கேட்டு வாங்கியிருக்கிறார். கிடைத்தவரை நல்லதுதான். ஆனால் பேரம் நடக்கும்போது எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்வதும் கேட்டவர்தானே?

சட்டம் இன்னும் முழுதாக நடைமுறைக்கு வந்தபாடில்லை. பலரும் போய்க் கேட்டுக்கொண்டதால் 2024 டிசம்பரில் ஓராண்டு தள்ளிப்போனது. 2025 டிசம்பரில் இன்னோர் ஆண்டு தள்ளி, பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 என்று நாள் குறித்தார்கள்.