மரபு வளர்கிறது: மைசூரு தரும் இரு சான்றுகள்



விவிலியம் எழுதி முடிந்த நூல். அதைப் புரிந்துகொள்ளும் வேலையோ இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, திருத்தூதர் வழிவந்த மரபு திருச்சபையில் வளர்கிறது என்றே சொல்கிறது. நம்பிக்கையாளரின் சிந்தனையாலும் படிப்பாலும் வளர்கிறது. அவர்களது ஆன்மிக அனுபவத்தால் வளர்கிறது. ஆயர்களின் போதனையாலும் வளர்கிறது. மக்களை முதலில் வைத்த அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம் மைசூருப் பேராலயத்தையே பாருங்கள். 1802இல் ரோமில் பிரிசில்லா சுரங்கக் கல்லறையில் ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. கல்லறையை மூடியிருந்த ஓடுகளின் எழுத்துகளை வரிசை மாற்றிப் படித்துத்தான் பிலோமினா என்ற பெயரைக் கண்டார்கள். 1926இல் மைசூரு மகாராஜாவின் செயலாளர் தம்பு செட்டி அப்புனிதரின் திருப்பண்டத்தைப் பெற்றுத் தந்தார். 1933இல் பிலோமினாவின் பெயரிலான இப்பேராலயத்துக்கு நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டினார். 1961இல் ரோமாபுரி அப்புனிதரின் விழாவை வழிபாட்டு நாள்காட்டிகளிலிருந்து நீக்கியது. அந்த ஓடுகள் அவருடையவைதாமா என்ற ஆய்வாளர்களின் ஐயம் அதற்கு முன்பே வலுத்திருந்தது. தனிப்பட்ட பக்தியை யாரும் தடுக்கவில்லை. மைசூரு மக்களும் ஆகஸ்டு விழாவைக் கைவிடவில்லை. ஆய்வாளர்கள் ஐயப்பட்டது நியாயம். மக்கள் அங்கே செபிக்கக் கற்றதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சுமப்பதுதான் மரபு.

இரண்டாவது சான்று என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானது. புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்துத் தமிழ்க் குரு அமலோற்பவதாஸ், 1967இல் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தின் நிறுவன இயக்குநர். 1969இல், வழிபாட்டில் இந்திய ஆயர்கள் கேட்ட 12 மாற்றங்களை ரோம் ஏற்றது. முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்கலாம், தரையில் அமரலாம், ஆரத்தி எடுக்கலாம், எண்ணெய் விளக்கு ஏற்றலாம் என்றாயிற்று. 1974இல் அவர் பிற சமய மறைநூல்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கருத்தரங்கு கூட்டினார். இந்நாட்டு ஞானிகளிடமும் கடவுள் பேசியிருந்தால், அந்தப் பேச்சைத் திருச்சபை எப்படிக் கேட்பது என்பதே அங்கே எழுந்த கேள்வி. அடுத்த ஆண்டே, திருப்பலியில் அந்நூல்களை வாசிப்பதை ரோம் நிறுத்தியது.

அவர் கசந்து ஒதுங்கவில்லை. மைசூருக்கு வந்தார், பல்கலைக்கழகத்தில் கிறித்தவத் துறையை உருவாக்கினார். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கிறித்தவம் ஆய்வுப் பாடமாக இடம்பெற்றது பெரிய காரியம். சாமுண்டி மலையடியில் அஞ்சலி ஆசிரமத்தையும் தொடங்கினார். 1990 மே மாதம் சாலை விபத்தில் இறந்தார்.

அவர் முயற்சி பாதியில் நின்றுவிட்டது என்பாரும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்றுள்ளபடி பட்டியலிட்டுக் கிடைத்துள்ள முதல் சான்று, அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367இல் எழுதிய பாஸ்கா மடல். எவை மறைநூல் என்று தெளியவே திருச்சபைக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1974இல் எழுந்த கேள்விக்கு ஐம்பது ஆண்டுகள் போதாது.

மாணவர்களே, அந்தக் கிறித்தவத் துறையில் சேருங்கள். விவிலியத்தை மூலமொழிகளில் படியுங்கள். திருவாசகத்தையும் கன்னட வசனங்களையும் அதே கவனத்தோடு படியுங்கள். அமலோற்பவதாஸ் விட்ட இடத்திலிருந்து அந்தக் கேள்வியை நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.