தூக்க ஊசி போட்ட இரவு

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"உன் துறையைப் பத்தி ஒரு கால் மணி நேரம் பேசு"ன்னு செயலாளர் போன் பண்ணிச் சொன்னார். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆள். கண்ட்ரோல் வால்வைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினால் இந்த ஹால் முழுக்கத் தூங்கிவிடும். அதனால் தூக்கத்தைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். சரியாகச் சொன்னால், தூக்கத்துக்குக் கொடுத்த மருந்து தூங்க வைக்காமல் போன ஒரு ராத்திரியைப் பற்றி.

என் அப்பா சப்-போஸ்ட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எழுபத்திரண்டு வயதில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தார். ட்யூட்டி டாக்டர் மிடசோலாம் என்ற ஊசி எழுதிக் கொடுத்தார். சிஸ்டர் வந்து மெதுவாகப் போட்டுவிட்டு, "அஞ்சு நிமிஷத்துல தூங்கிடுவாரு சார்" என்றார்.

அஞ்சு நிமிஷத்தில் அப்பா கண்ணை அகலத் திறந்தார். கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தார். ரத்தம் போர்வையெல்லாம் சொட்டுகிறது. ஆபரேஷன் பண்ணின காலோடு கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார். நாலு பேர் பிடித்தும் அடங்கவில்லை. கூடவே பேச்சு. என் அம்மாவைப் பார்த்து, நான் இந்த மேடையில் சொல்ல முடியாத வார்த்தைகள். அம்மா சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

டாக்டரிடம் போனில் கேட்டார்கள். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். "போடலாமா சார்?" என்று சிஸ்டர் என்னைப் பார்த்தார். "போடுங்க" என்றேன். சொன்னது நான்தான். போட்ட பிறகு இன்னும் மோசமானது. கடைசியில் பேண்டேஜ் துணியால் இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டினோம்.

நம்ம ஆட்களுக்கு இது உடனே புரியும். கண்ட்ரோலரில் டைரக்ட் ஆக்‌ஷன், ரிவர்ஸ் ஆக்‌ஷன் என்று இருக்கிறதல்லவா? அதை மாற்றி வைத்துவிட்டால் சூடு ஏற ஏற, அது நீராவி வால்வை இன்னும் திறந்துவிடும். நாம் திருத்துகிறோம் என்று நினைத்துச் செய்வதெல்லாம் எரிகிற தீயில் எண்ணெய்தான். அப்போது முதல் வேலை ஆட்டோவிலிருந்து கையை எடுத்து, என்ன நடக்கிறது என்று பார்ப்பது. பிளான்டில் இதை நான் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி ஞாபகம் வரவில்லை.

ஞாபகம் வந்தது ஒரு மயக்க மருந்து டாக்டருக்கு. என்னைவிடச் சின்னவர், இரவுப் பணியில் இருந்த பெண். ஓடி வந்தவர் முதலில் இன்னொரு ஊசிக்குப் போகவில்லை. விரலில் ஆக்ஸிஜன் அளவு பார்த்தார். சர்க்கரை பார்த்தார். அடிவயிற்றைத் தொட்டுச் சிறுநீர் கட்டியிருக்கிறதா என்று பார்த்தார். மூச்சுக் குறைவோ, வலியோ, சர்க்கரை இறங்குவதோ, காய்ச்சலோ எதுவானாலும் வயசானவர்களை இப்படிப் புலம்ப வைக்கும். அதைப் பார்க்காமல் மேலே மேலே மயக்கம் கொடுத்தால் ஆளே போய்விடலாம். பிறகு என்னிடம் இரண்டு கேள்வி. "அப்பா தண்ணி போடுவாரா?" இல்லை. "இதுக்கு முன்னாடி தூக்க ஊசி போட்டு இப்படி ஆயிருக்கா?"

ஆயிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் எண்டோஸ்கோப்பி பண்ணும்போது ஊசி போட்டதும் எட்டி உதைத்து டியூபைப் பிடுங்கினார். "தாத்தா பயந்துட்டாரு" என்று அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அவர்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

எங்கள் பிளான்டில் மேலேயிருந்து ஒரு ஸ்பானர் விழுந்து, யார் மேலும் படாவிட்டாலும், 'நியர் மிஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவத்துக்கு நானே பொறுப்பாளி. அப்பா விஷயத்தில் ஒரு துண்டுத்தாள் கூட இல்லை.

அந்த டாக்டர் ஃப்ளூமசெனில் என்ற மாற்று மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றினார். சில நிமிஷத்தில் அப்பா அடங்கினார். "மணி என்னடா?" என்றார். மாற்று மருந்தின் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும், மிடசோலாம் அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும் என்பதால் டாக்டர் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நான் சரியாக நன்றி கூடச் சொல்லவில்லை.

விடிந்ததும் அம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "அவரு மனசுல இத்தனை வருஷமா இதெல்லாம் இருந்துச்சாப்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. டாக்டரிடமே அழைத்துப் போனேன். அவர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை என் மொழியில் சொல்கிறேன்.

மூளைக்குள் 'காபா' என்று ஒரு வேதிப்பொருள் பிரேக் மாதிரி வேலை செய்கிறது. டயஸெபாம், லோரஸெபாம், மிடசோலாம் வகையறா எல்லாம் அந்தப் பிரேக்கை இன்னும் அழுத்துகிறவை. பெரும்பாலானவர்களுக்கு மூளை முழுக்க அமைதியாகிறது. சிலருக்கு, நம்மைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் முன்மூளை முதலில் அடங்கிவிடுகிறது. மற்ற பகுதி கடிவாளம் இல்லாத குதிரையாகிறது. குடித்தவர்களில் ஒருவர் தூங்குவதும் ஒருவர் சண்டைக்குப் போவதும் போல என்று வைத்துக்கொள்ளலாம். நூற்றுக்கு ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் இப்படி ஆகும். குழந்தைகள், முதியவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் அதிகம் பார்க்கலாம். ஏன் இவருக்கு, ஏன் அவருக்கு இல்லை என்பது இன்னும் முழுசாக விளங்கவில்லை. "அது உங்க வீட்டுக்காரர் பேசினது இல்லம்மா, மருந்து பேசினது" என்றார் டாக்டர். அம்மா தலையை ஆட்டினார். நம்பினாரா என்பது வேறு விஷயம்.

அதன் பிறகுதான் நான் உட்கார்ந்து படித்தேன். மிடசோலாம் 1985-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. டயஸெபாமில் கை பழகிய டாக்டர்கள் அதே கணக்கில் இதையும் போட்டார்கள். இதற்கு வீரியம் அதிகம். மூச்சு அடங்கிப் பலர் இறந்த பிறகு அளவைக் குறைத்து, கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையும் சேர்த்தார்கள். மாத்திரையாக வரும் ஸோல்பிடெம் இன்னொரு கதை. காலையிலும் பெண்களின் ரத்தத்தில் அது அதிகம் தங்குகிறது, கார் ஓட்டுவது ஆபத்து என்று 2013-ல் பெண்களுக்கான அளவைப் பத்து மில்லிகிராமிலிருந்து ஐந்தாகக் குறைத்தது அமெரிக்க எஃப்.டி.ஏ. சந்தைக்கு வந்து இருபது வருஷம் ஆன பிறகு! 2019-ல் தூக்கத்திலேயே நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது பற்றியும் கறுப்புக் கட்ட எச்சரிக்கை வந்தது.

கைக்குழந்தை வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று. ரயிலில் குழந்தை அழாமல் வர ஒரு மூடி சளி சிரப் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதிலிருக்கும் ப்ரோமெதசின் சில குழந்தைகளை விடிய விடிய ஆட வைக்கும். சில குழந்தைகளின் மூச்சையே நிறுத்தியிருக்கிறது. இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்று 2004-லேயே எச்சரித்துவிட்டார்கள். அழட்டும், பரவாயில்லை.

இதைக் கேட்டுவிட்டு வீட்டில் யாராவது தினமும் சாப்பிடும் தூக்க மாத்திரையைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நம் நாட்டில் மருந்தின் பாதகங்களைப் பதிவு செய்ய 2010 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. டாக்டர் மட்டுமல்ல, நோயாளியின் வீட்டாரும் சொல்லலாம். 1800-180-3024 என்ற எண்ணுக்குக் காசு கிடையாது. நான் அப்பாவின் விஷயத்தைச் சொல்லிப் பதிவு செய்தேன், நாலு வருஷம் தாமதமாக.

வீட்டில் ஒரு அட்டை எழுதினேன். பெயர், வயது, எந்த மருந்து, எந்தத் தேதி, எத்தனை நிமிஷத்தில் என்ன ஆனது, எதனால் சரியானது. லேமினேட் பண்ணி அப்பா பர்ஸில் ஒன்று, அம்மா கைப்பையில் ஒன்று. அப்பாவுக்கு அந்த ராத்திரி சுத்தமாக நினைவில்லை. அந்த மருந்து ஞாபகத்தையும் அழித்துவிடும். அட்டையைப் படித்துவிட்டு, "நான் ஏதாச்சும் சொன்னேனா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"என்னத்த சொன்னீங்க, மணி என்னன்னு கேட்டீங்க" என்றார் அம்மா.

போன வருஷம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அம்மா எல்லாருக்கும் முன்னால் போய் அட்டையை நீட்டினார். அங்கிருந்த டாக்டர் இரண்டு முறை படித்துவிட்டு, "தூக்க ஊசியே வேண்டாம், சொட்டு மருந்துல மரக்க வச்சே பண்ணிடலாம். அய்யா பேசாம படுத்திருப்பாரா?" என்று கேட்டார்.

படுத்திருந்தார். பேசாமல் இல்லை. கண்ணில் வேலை ஆரம்பிக்கும் வரைக்கும் அந்த டாக்டருக்கு மணியார்டர் பாரம் பூர்த்தி செய்வது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.