கடலடியில் ஒரு கணக்கெடுப்பு



மக்கள்தொகைக் கணக்கு எடுப்போர் வீடு வீடாகச் சென்று வருவதை நீங்கள் அறிவீர்கள். அவர்களுள் பெரும்பாலோர் புள்ளியியல் வல்லுநர் அல்லர். நம் பள்ளி ஆசிரியர்களே. கேட்க வேண்டிய வினாக்கள் இவை, எழுத வேண்டிய முறை இது என்று பயிற்சி பெற்றுச் சென்று, கண்டதைக் கண்டவாறு எழுதி வருகின்றனர். அவ்வெழுத்தின்மீதே நாட்டின் திட்டங்கள் எழுகின்றன. இதனை ஒத்த கணக்கெடுப்பு ஒன்று கடலடியிலும் நடைபெறுகின்றது. அதனைச் செய்வோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். அவர்கள் கணக்கெடுப்பது பவளப் பாறைகளின் நலம். அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

பவளப் பாறை என்பது வெறுங்கல் அன்று. மிகச் சிறிய உயிர்கள் கோடிக்கணக்கில் கூடி, கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிரித்துத் தம்மைச் சுற்றிக் கட்டிக்கொண்ட வீடுகளின் தொகுதியே அது. அவ்வுயிர்களின் உடலினுள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி கதிரவன் ஒளியால் உணவு சமைத்துப் பவள உயிருக்கு ஊட்டுகின்றது. பவள உயிர் அதற்கு இடமளித்துக் காக்கின்றது. பவளத்தின் நிறத்திற்குப் பெரிதும் காரணம் அப்பாசியே. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட நீர் ஒரு பாகை அளவு மிகுந்து சில வாரங்கள் நீடித்தால், இந்த நட்பு முறிகின்றது. பாசி வெளியேற்றப்படுகின்றது, பவளம் வெளிறிப்போகின்றது. வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும். தணியாவிடின் பட்டினியால் மடியும். கடலடிப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அடைக்காத இப்பாறைகளை, கடல்வாழ் உயிரினங்களில் ஏறத்தாழக் கால்பங்கு தம் வாழ்வில் ஏதேனும் ஒரு காலத்தில் சார்ந்து நிற்கின்றன.

இத்தகைய பாறைகள் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் கரைகளில் பரந்து கிடக்கின்றன. அவை அனைத்தையும் ஆண்டுதோறும் பார்த்து வர அறிஞர்கள் போதுமா? போதார். ஆதலின் 1996ஆம் ஆண்டில் கிரிகோர் ஹாட்ஜ்சன் என்னும் கடலியல் அறிஞர் ஒரு வழி கண்டார். பொழுதுபோக்கிற்காகக் கடலில் மூழ்குவோர் உலகெங்கும் பல்லாயிரவர் உளர். அவர்களுக்குச் சில நாள் பயிற்சி அளித்து, எளிய, ஆனால் எங்கும் ஒரே வகையான முறையில் கணக்கெடுக்கச் செய்தால் என்ன என்று எண்ணினார். ‘ரீஃப் செக்’ என்னும் அமைப்பு இவ்வாறு தோன்றியது. மறு ஆண்டாகிய 1997இல் 31 நாடுகளில் 300க்கும் மேற்பட்ட பாறைகள் ஒரே முறையில் ஆராயப்பட்டன.

அம்முறை யாது? பாறையின்மீது ஒரே ஆழத்தில் 100 மீட்டர் நீளமுள்ள அளவு நாடா ஒன்றை விரிக்கின்றனர். அதில் 20 மீட்டர் நீளமுள்ள நான்கு பகுதிகளை, இடையிடையே 5 மீட்டர் விட்டுக் குறித்துக்கொள்கின்றனர். நாடா விரித்த கலக்கம் அடங்கும்வரை காத்திருந்து, முதலில் மீன்களை எண்ணுகின்றனர். பலரும் நடமாடினால் மீன்கள் அஞ்சி ஓடிவிடும் அன்றோ? பிறகு சிங்கி இறால், கடல் அட்டை, கடல் முள்ளெலி போன்றவற்றை எண்ணுகின்றனர். இறுதியாக, நாடாவின் நெடுகிலும் அரை மீட்டருக்கு ஒரு முறை தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, அதன் நுனி தொடுவது உயிருள்ள பவளமா, அண்மையில் மடிந்த பவளமா, பாசியா, உடைந்த துண்டுகளா, மணலா என்று குறிக்கின்றனர். பகுதிக்கு 40 புள்ளிகள். ஆக 160 புள்ளிகள். அவற்றுள் 64 உயிருள்ள பவளம் எனில், அப்பாறையில் நூற்றுக்கு 40 பங்கு உயிருடன் இருக்கின்றது என்பது கணக்கு. கொத்தனாரின் தூக்குக் குண்டும் எட்டாம் வகுப்புக் கணக்கும் இதற்குப் போதுமானவை.

எல்லா உயிர்களையும் அவர்கள் எண்ணுவதில்லை. சான்று கூறவல்ல சிலவற்றையே எண்ணுகின்றனர். பெரிய களவா மீனும் சிங்கி இறாலும் இல்லையெனில், அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டனர் என்பது பொருள். பாசி மண்டியிருந்தால், கழிவுநீர் கலக்கின்றதோ என ஐயுற வேண்டும். உடைந்த துண்டுகள் குவிந்திருந்தால் நங்கூரமோ, வெடிவைத்து மீன் பிடித்தலோ, புயலோ காரணமாகலாம். கடல் முள்ளெலியின் செய்தி இன்னும் வியப்புடையது. 1983, 1984ஆம் ஆண்டுகளில் கரிபியன் கடலில் பரவிய ஒரு நோயால், நீண்ட முட்களையுடைய கரிய முள்ளெலிகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலாக மடிந்தன. பாசியை மேய்ந்து வந்த அவை மறைந்ததும், பல பாறைகளைப் பாசி மூடிப் பவளத்தை நெருக்கியது. யாரும் பொருட்படுத்தாத ஒரு சிற்றுயிர் அந்நகரின் துப்புரவுத் தொழிலாளியாக இருந்தது என்பதை, அது போன பிறகே பலர் உணர்ந்தனர்.

பயிற்சி குறைந்தோர் எழுதுவதை நம்பலாமா என்று சிலர் வினவுவர். தக்க வினாவே. தொண்டர்களிடம் நுட்பமான இனப்பகுப்புக் கேட்கப்படுவதில்லை. ஐயமின்றி அடையாளம் காணக்கூடியவை மட்டுமே கேட்கப்படுகின்றன. நீரில் இறங்குமுன் அவர்களுக்குத் தேர்வு உண்டு. அறிஞர் ஒருவர் வழிநடத்துகின்றார். அறிஞரின் இடத்தை அவர்கள் பிடித்துக்கொள்வதில்லை. அறிஞரின் கண் எட்டாத இடத்திற்கு அதனை நீட்டித் தருகின்றனர். மேலும், அவர்கள் கற்றுக்கொள்ளும் அரிய பாடம் ஒன்று உண்டு. அது பூச்சியம் எழுதும் பாடம். இத்துணைத் தொலைவு வந்தும், இத்துணைக் குளிர்நீரில் மூழ்கியும், ஒரு சிங்கி இறாலும் காணவில்லை எனில், ‘இல்லை’ என்று எழுதவேண்டும். 1997ஆம் ஆண்டுக் கணக்கின் தலையாய முடிவு அத்தகைய பூச்சியங்களிலிருந்தே பிறந்தது. மிகத் தொலைவிலுள்ள பாறைகளையும் மனிதனின் கை தீண்டிவிட்டது என்றும், காக்கப்பட்ட பகுதிகளில் உயிருள்ள பவளம் ஒப்புநோக்க மிகுதி என்றும் அது காட்டியது.

இதனினும் கடுமையான வினா ஒன்று உண்டு. காற்றில் கரியமில வாயு மிகுந்து கடலே சூடேறும்போது, எண்ணிக்கொண்டிருப்பதால் பவளம் பிழைக்குமா? எண்ணுவதால் மட்டும் பிழையாது. 1998இலும், 2010இலும், 2014 முதல் 2017 வரையிலும் உலகளாவிய வெளிறல் நேர்ந்தது. 2023இல் தொடங்கியது நான்காவது என 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஒன்று நோக்குங்கள். 1997இல் நாடா விரித்தவர்கள், மறு ஆண்டு என்ன நேரும் என்பதை அறிந்திருக்கவில்லை. அழிவு வந்தபோது, முன்னர் இருந்தது இவ்வளவு என்று காட்டும் சான்று அவர்கள் கையில் இருந்தது. ஒரே வெப்பம் தாக்கிய இரண்டு பாறைகளில் ஒன்று மீள்கின்றது, மற்றொன்று மீளவில்லை எனில், வேறுபாட்டின் காரணத்தைத் தேடுவதற்கு முந்திய கணக்கு வேண்டும். மீன்பிடியைக் குறைக்க வேண்டுமா, கழிவுநீரைத் திருப்ப வேண்டுமா என்னும் முடிவு அங்கிருந்தே பிறக்கும்.

டேனியல் பாலி என்னும் மீன்வள அறிஞர் 1995இல் ஓர் உண்மையைச் சுட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் இளமையில் கண்ட கடலையே இயல்பான கடல் என்று எண்ணிவிடுகின்றது. பாட்டன் கண்டதைப் பேரன் அறியான். ஆதலின் இழப்பும் தெரிவதில்லை. எழுதி வைத்த கணக்கு ஒன்றே இந்த மறதிக்கு மருந்து.

இதில் உங்களுக்கும் இடமுண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ‘கோரல்வாட்ச்’ என்னும் திட்டம், நிற அட்டை ஒன்றை வழங்குகின்றது. பவளத்தின் மிக வெளிறிய இடத்தையும் மிக அடர்ந்த இடத்தையும் அட்டையோடு ஒப்பிட்டு எண் எழுதவேண்டும், அவ்வளவே. பள்ளிச் சிறுவர்களும் அதனைச் செய்கின்றனர். நம் மன்னார் வளைகுடாவிலும் 21 தீவுகளைச் சூழப் பவளப் பாறைகள் அமைந்தன. சுண்ணாம்பிற்காகப் பவளத்தை வெட்டியெடுத்த காலம் ஒன்று அங்கு இருந்தது; அத்தீவுகளுள் இரண்டு இன்று நீரில் மூழ்கிவிட்டன. 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அப்பகுதியில் இசைவின்றி எவரும் இறங்கலாகாது. ஆனால் நீந்தக் கற்பதற்கும், உயிர்களை அடையாளம் காணப் பழகுவதற்கும், உங்கள் ஊர்க் குளத்தின் பறவைகளைத் திங்கள்தோறும் ஒரே முறையில் எண்ணி எழுதுவதற்கும் எவர் இசைவும் வேண்டா.

எழுதும்போது நாளும் இடமும் தவறாமல் குறியுங்கள். காணாததைக் கண்டதாக எழுதாதீர்கள். இல்லையென்றால் பூச்சியம் இடுங்கள். நாற்பது ஆண்டுகட்குப் பின் அக்குறிப்பை எடுத்துப் பார்ப்பவர்க்கு அந்தப் பூச்சியமும் ஒரு செய்தி சொல்லும்.