பல்லில் இருப்பது அழுக்கல்ல

(தர்மபுரிப் பக்கம் ஒரு காலனியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பேங்க்கில் கவுண்ட்டரில் உட்காருகிறவன். கல்விக்கடன் கேட்டு வருகிற நம்ம காலனிப் பிள்ளைகள் கையால் வாயை மூடிக்கொண்டு பேசுகிறார்கள். பல்லில் காவிக்கறை. வரிசையில் பின்னால் நிற்கிறவர், "சேரி சனம், பல்லு வெளக்கினாத்தானே" என்று முணுமுணுக்கிறார். அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன்.

அது அழுக்கில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஈறுக்குள்ளே பல் உருவாகிற சின்ன வயசிலேயே, குடிக்கிற தண்ணியிலுள்ள ஃபுளோரைடு செய்த வேலை அது.

அதை யாரும் கொண்டுவந்து கலக்கவில்லை. நம்ம காலுக்குக் கீழே கிடக்கிற கருங்கல்லில் ஃபுளோரைட், அபடைட், பயோடைட் என்று கனிமங்கள் இருக்கின்றன. பாறை இடுக்கில் வருஷக்கணக்கில் தேங்கும் தண்ணி அவற்றைக் கரைக்கிறது. தண்ணியில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். காரத்தன்மை கூடி, கால்சியம் குறைந்தால் அது தண்ணியிலேயே தங்கிவிடும். மழை குறைந்த பூமியில் போர் ஆழமாகப் போகப் போக, பெரும்பாலும் இந்தப் பழைய தண்ணிதான் மேலே வருது.

லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 என்கிறது இந்தியத் தரநிலை. அதற்கு ரொம்ப மேலே போன தண்ணியை வருஷக்கணக்காகக் குடித்தால் முதுகு விறைக்கும், மூட்டு மடங்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும்.

பாறைக்குச் சாதி தெரியாது. ஊர்த்தெருவுக்கும் இதே பாறைதான். ஆனால் கேன் தண்ணி வாங்க அங்கே காசு இருக்கு. ஊர்க்கிணற்றுப் பக்கம் நம்மை விடாமல், காலனிக்குத் தனியாக ஒரு அடிபம்பு போட்டுக் கொடுத்தார்கள். நமக்கும் தண்ணி வந்துடுச்சேன்னு நம்ம அப்பன்மார்களும் சந்தோஷப்பட்டார்கள். அந்தத் தண்ணியைச் சோதித்துப் பார்த்தது யார்? 1927-இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணி அள்ளிக் குடித்தது வெறும் தாகத்துக்கா? தனித்தண்ணி கேட்கவில்லை அவர். பொதுத்தண்ணியில் உரிமை கேட்டார்.

ஜப்பான் கடனில் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தக் காவிரித் தண்ணி கடைசிக் குழாயான காலனி வரைக்கும் தினமும் வருதா? போர்த் தண்ணி கலந்து வருதா? கிராமசபையில் எழுந்து கேளுங்க. ஒவ்வொரு அடிபம்பிலும் ஃபுளோரைடு அளவைத் தமிழில் எழுதி வைக்கணும்னு தீர்மானம் போடுங்க.

பிள்ளைகளே, கையை எடுங்க. வெட்கப்பட வேண்டியது நீங்க இல்லை. வாயைத் திறந்து கேளுங்க.