கொடியும் உறுதிமொழியும்: பயம் வேண்டாம், முறை தெரிந்தால் போதும்

(திருநகரில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



ஆகஸ்ட் 15, ஜனவரி 26 வந்தால் குழுக்களில் நாங்கள் கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. "நாம கொடி ஏத்தி ஏதாவது தப்பாச்சுன்னா கேஸ் ஆயிடும், சாரே ஏத்தட்டும்." லட்ச ரூபாய் கடனுக்கு வங்கியில் கையெழுத்துப் போடுகிற நாம், ஒரு கயிற்றை இழுக்கப் பயப்படலாமா? சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிந்தால் இந்தப் பயம் போய்விடும்.

தேசியக் கொடியை அவமதிப்பது 1971-ஆம் ஆண்டு சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தையைக் கவனிங்க. கொடி தரையில் படுவது, காவி நிறம் கீழே வருவது இரண்டையும் சொல்லும்போது 'வேண்டுமென்றே' செய்தால் என்றுதான் சட்டம் சொல்கிறது. கை தவறியதற்கு நடுங்க வேண்டாம்.

எப்படி ஏற்றுவது என்பதை 2002 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த கொடி விதிகள் சொல்கின்றன. முக்கியமானவை இவை:

* காவி மேலே, பச்சை கீழே. கிழிந்த கொடி, அழுக்குக் கொடி கூடாது.
* விறுவிறு என்று ஏற்ற வேண்டும், நிதானமாக இறக்க வேண்டும்.
* உள்ளே பூ வைத்துக் கட்டலாம். கொடியில் குழுவின் பெயரையோ வேறு எதையுமோ எழுதக்கூடாது.
* மேடை மேசைக்கு விரிப்பாகப் போடக்கூடாது.
* தையல் குழுக்கள் கவனிக்க: கைக்குட்டையிலும் தலையணை உறையிலும் கொடியைத் தைக்கக்கூடாது. ஆனால் கொடியையே தைத்து விற்கலாம். 2021 டிசம்பர் முதல் பாலியஸ்டர் துணிக்கும் மெஷின் தையலுக்கும் அனுமதி உண்டு.
* விழா முடிந்ததும் காகிதக் கொடிகளைத் தெருவில் போடாதீங்க, பிள்ளைகளையும் போட விடாதீங்க.

அடுத்து உறுதிமொழி. பள்ளிகளுக்கு விதிகள் ஒரு மாதிரி முறை சொல்கின்றன. நாமும் அதையே வைத்துக்கொள்ளலாம். முதலில் கொடியேற்றம், பிறகு வணக்கம், அப்புறம் தேசிய கீதம், கடைசியில் உறுதிமொழி. ஒருவர் சொல்ல, மற்றவர்கள் நேராக நின்று திருப்பிச் சொல்ல வேண்டும். அதனால் படிக்கத் தெரியாத அக்காவும் தைரியமாகச் சொல்லலாம். கொடிக்கான உறுதிமொழியைச் சொல்லும்போது கைகூப்பி நிற்க வேண்டும் என்கிறது விதி. நம்ம வீட்டுக்கு வருகிறவங்களுக்குச் சொல்கிற அதே வணக்கம்தான்!

யாராவது வாய் திறக்காமல் நின்றால்? 1985-இல் கேரளாவில் மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஆனால் தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986-இல் உச்ச நீதிமன்றம், பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, மரியாதையாக நின்றதே போதும் என்று சொல்லி அவர்களைத் திரும்பச் சேர்க்க வைத்தது. ஆகவே பக்கத்தில் நிற்பவரை அதட்ட நமக்கு உரிமை இல்லை.

கடைசியாக ஒன்று. விதிகளை எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கொடியேற்ற வேண்டியவரை ஒதுக்கி வைத்தால் அது என்ன மரியாதை? 2020 சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், பட்டியல் இனத்தைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்த பிறகு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவரே ஏற்றினார். நம்ம மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்து ஆண்டுகள் பட்டியல் இனத் தலைவர் நிலையாக உட்கார முடியவில்லை. 2006-இல்தான் அது மாறியது. நமக்கு இது தூரத்துக் கதை இல்லை.

2022-இல் தலைமைச் செயலாளர், ஊராட்சித் தலைவர்கள் சாதி வேறுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யும்படி ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். பட்டியல் இனத் தலைவரை அவருடைய கடமையைச் செய்ய விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

பள்ளிப் புத்தகத்தில் இருக்கிற நாட்டு உறுதிமொழியை 1962-இல் தெலுங்கில் எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பா ராவ். நாட்டு மக்கள் எல்லோரும் உடன்பிறப்புகள் என்பதுதான் அதன் சாரம். அதைச் சொல்கிற வாய், 'நீ தள்ளி நில்லு' என்று சொல்லலாமா?

எனவே தோழிகளே, இந்த மாதக் கூட்டத்திலேயே தீர்மான நோட்டில் எழுதுங்கள். நம் கட்டடத்தில் கொடியேற்றுவது ஒவ்வொரு முறையும் ஒரு குழுவின் உறுப்பினர், முறை வைத்து. இதுவரை முன்வரிசைக்கு வராத தெருவில் இருந்து முதல் பெயரை எடுங்கள். முந்தின நாளே ஒருமுறை கட்டிப் பார்த்து, காவி மேலே இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள்.