கிழவர்களைக் கேளுங்கள்



வீட்டிலிருக்கும் வயதான பெற்றோர்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன்.

இறந்துபோன தகப்பனாருக்குத் திதி கொடுக்கும் நாளை நாம் மறப்பதில்லை. ஆனால், உயிரோடிருக்கும் தகப்பனார் சென்ற மாதம் எத்தனை நாள் மாத்திரை சாப்பிடாமலிருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

என் வீட்டுக் கதையையே சொல்லுகிறேன். என் தாயார் சமைத்த சோற்றில் அடிக்கடி கல் கிடந்தது. என் தமையனார் கோபித்துக் கொண்டார். படியிறங்கும்போது அம்மாள் சுவரைத் தடவினார்கள். "வயதானால் அப்படித்தான்" என்று சும்மாயிருந்தோம். தலைவிதி என்பதற்கு இது மறுபெயரல்லாமல் வேறென்ன? கடைசியில் வைத்தியரிடம் காட்டினால், இரண்டு கண்ணிலும் புரை! அதை எடுத்த பிறகு அவர்களே அரிசி பொறுக்குகிறார்கள்.

ஆகையால் கவனித்துப் பாருங்கள். உடல் இளைப்பது, மின்சாரப் பணம் கட்ட மறப்பது, சொன்னதையே சொல்வது, தினமும் போகும் டீக்கடைக்குப் போகாமல் நிற்பது, இவற்றுக்குக் காரணமுண்டு. காது மந்தம், தைராய்டு, இரத்தத்தில் உப்புக் குறைவு ஆகியவற்றுக்கு வைத்தியமுண்டு. மறதி நோயாகவே இருந்தாலும், முன்பே தெரிந்தால் அவர்கள் தங்கள் விருப்பத்தைத் தாங்களே சொல்ல அவகாசமிருக்கும்.

அந்த அவகாசத்தில் கேளுங்கள். எங்கே இருக்கப் பிரியம்? இரவில் யார் துணை? செலவுக்கு என்ன வழி? கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியா, வீடா? இப்படிக் கேட்பது அமங்கலமாம்! பேசினால் சாவு வருமென்றால், பேசாதவன் வீட்டில் சாவே வரக்கூடாதல்லவா?

கேட்காததனால் என்ன நடக்கிறது? தாய் ஒருவனுக்கு, தகப்பன் ஒருவனுக்கு என்று மாட்டைப் போல் பங்கு போடுகிறார்கள். தீர்மானிப்பவன் மகன், பாடுபடுகிறவள் மருமகள். அவளையும் யாரும் கேட்பதில்லை. 2007-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு மகனுக்கும் மகளுக்கும் உண்டு. சொத்தை எழுதிக் கொடுக்கும் பெற்றோர், தங்களைப் பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதட்டும். தவறினால் அதை ரத்து செய்யும்படி அச்சட்டத்தின் கீழ் கோரலாம்.

தோழர்களே! சுயமரியாதை வாலிபர்களுக்கு மாத்திரம் சொந்தமல்ல. கஞ்சி ஊற்றுவதோடு கடமை தீர்ந்ததாக எண்ணாதீர்கள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கள் இஷ்டம் என்ன?" என்று கேளுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் வார்த்தைகளை முடித்துக் கொள்ளுகிறேன்.