கடற்பச்சைச் சுவர்கள்



திருகோணமலை உட்துறைமுக வீதியில், வெயில் ஏறிய காலைப் பொழுதொன்றில் நின்று கரையோரத் தண்ணீரைப் பார்த்திருக்கிறீர்களா? அது நீலமுமல்ல, பச்சையுமல்ல. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயிற்கழுத்து நிறம் என்று பொருளின் பெயரால் நிறத்தைச் சொல்வது நம்மவர் வழக்கம். அந்த வழக்கப்படி இதைக் கடற்பச்சை என்போம். இந்தக் கடற்பச்சையை நன்றாக வெளிறச் செய்து வீட்டுச் சுவரில் பூசுவது பற்றியதே இன்றைய என் பேச்சு. இலக்கிய நிகழ்ச்சியில் சுவர்ப்பூச்சுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். மனிதர் வாழ்கின்ற இடமெல்லாம் இலக்கியத்துக்குரிய இடந்தான் என்பது என் எண்ணம்.

பெயின்ற் வாளிகள் கடைகளில் நிறையுமுன்னர் நமது வீடுகளுக்குச் சுண்ணாம்புதான் பூச்சு. கரையோரங்களில் முருகைக் கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். கடலின் அரண் அழிகிறது என்பதனால், கரையோர வலயத்தில் முருகைக் கல் அகழ்வதை 1988ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தடை செய்தது. நீற்றிய சுண்ணாம்பு சுவரில் ஏறியதும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி, திரும்பவும் கல்லாகிவிடுகிறது. அதிலே சிறிது துருசு, அதாவது மயில்துத்தம், கரைத்துச் சேர்த்தால் வெள்ளையில் இளம்பச்சையும் நீலமும் ஏறும். பிரான்சின் போர்தோ பகுதி முந்திரிகைத் தோட்டங்களைக் காக்க 1885இல் மிலார்தே என்னும் அறிஞர் வெளியிட்ட மருந்தும் துருசும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவைதான். பூஞ்சணத்துக்குப் பகையான செம்பு அதில் இருக்கிறது. ஆகவே வாடைக்காலத்தில் ஈரம் ஊறும் சுவருக்கு அந்த நிறம் வெறும் அலங்காரமாக மட்டும் இருக்கவில்லை. துருசு நஞ்சு என்பதையும் மறக்கக்கூடாது. குழந்தைகள் கை வைக்காத இடத்தில்தான் அதைக் கரைக்க வேண்டும்.

இனி, கண்ணின் கணக்கைப் பார்ப்போம். சிவப்பு நிறத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரை நோக்கினால், இல்லாத ஒரு நீலப்பச்சைத் திட்டு அங்கே மிதக்கும். சத்திரசிகிச்சை அறைகளில் இரத்தத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் வைத்தியர்களுக்கு இது பெருந்தொல்லை. அதனால் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஹரி ஷேர்மன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், 1914இல் தமது சிகிச்சை அறைக்குப் பச்சை நிறம் கொடுத்தார். ஆஸ்பத்திரிச் சுவர்களிலும் உடைகளிலும் பிற்காலத்தில் பச்சை பரவியதற்கு இந்தக் காரணமும் உண்டு.

நமது வீடுகளிலே சிவப்புச் சீமெந்துத் தரை இருக்கிறதல்லவா? அதற்கு எதிர்நிறம் இந்தக் கடற்பச்சை. இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். முதிரை மரத்துக் கதிரையும் அலுமாரியும் இந்தச் சுவரின் முன்னே பொன்னாய்த் தெரியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், கடலின் கூச்சம் யன்னல்வழியே வந்து வெள்ளைச் சுவரில் அடிக்கும்போது கண் கூசுகிறது. வெளிறிய பச்சை அதைத் தணிக்கிறது. ஆனால் கடையில் தரும் சிறு அட்டையை நம்பிவிடக்கூடாது. நான்கு சுவர்களும் ஒன்றின் நிறத்தை மற்றொன்றில் வீசுவதால், அறையில் நிறம் அட்டையைவிட அடர்ந்து தெரியும். ஒரு படி வெளிறியதை எடுத்து, பலகையொன்றில் பூசி, காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் பாருங்கள். மஞ்சள் விளக்கில் பச்சை மேலோங்கும். வெள்ளை விளக்கில் நீலம் மேலோங்கும். புதுச் சாந்து நன்றாகக் காயுமுன் பெயின்ற் அடித்தால், உப்புப் பூத்து உரிந்துவிடும் என்பதைக் கடற்கரை மேசன்மார் நன்கறிவர்.

இவை எல்லாம் கைவேலையின் கணக்குகள். இவற்றுக்கு அப்பாலும் ஒன்றுண்டு.

1983இலும் 1990இலும் நடந்த வன்செயல்களில் இந்தப் பட்டினத்துச் சனங்கள் பலர் வீடுகளைவிட்டு ஓடினார்கள். மீண்டு வந்தவர்கள் கூரை போட்டார்கள், கதவு வைத்தார்கள். சுவர்கள் மட்டும் வெறுஞ் சீமெந்தாகவே ஆண்டுக்கணக்காய் நின்ற வீடுகளை நான் அறிவேன். பணமில்லாமை ஒரு காரணம். நாளைக்கும் இங்கேதான் இருப்போமா என்ற கேள்வி மற்றக் காரணம். அந்தக் கேள்வி அடங்கிய பிறகுதான் ஒருவருக்கு நிறம் பார்க்க மனம் வருகிறது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. திருக்கடலூர்ப் பக்கத்தில், வீட்டைத் திரும்பக் கட்டிய ஒரு குடும்பம் எனக்குப் பழக்கம். மகன் ஆசையோடு கடற்பச்சை அட்டையைக் கொண்டுவந்து தாயிடம் காட்டினான். தாய் அதைக் கையில் வாங்கவில்லை.

"அண்டைக்கு வந்தது கறுப்புத் தண்ணி, தம்பி. அடுத்த நாள் ஒண்டும் நடக்காத மாதிரி இந்த நிறத்திலதான் கிடந்தது. அது வெளியில கிடக்கட்டும். உள்ளுக்கு வேண்டாம்" என்றார்.

மகன் மறுத்துப் பேசவில்லை. தாயின் அறைக்குச் சந்தன நிறம் அடித்தான். விறாந்தைக்கும் தன் பிள்ளைகளின் அறைக்கும் கடற்பச்சை அடித்தான். பேரலைக்குப் பின்னர் பிறந்த அந்தப் பிள்ளைகளுக்கு அது குளிர்ச்சியான ஒரு நிறம், அவ்வளவுதான். தாய் இப்போது விறாந்தை வாங்கில் இருந்துதான் மாலையில் வெற்றிலை போடுகிறார். தம் அறையின் நிறத்தை மாற்றச் சொல்லவில்லை.

ஒரே கூரையின் கீழ் இரண்டு நிறங்கள் இருந்தால் அழகு கெடும் என்று சிலர் சொல்வார்கள். அந்த வீட்டில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாடை தணிந்ததும் நீங்கள் சுவருக்கு நிறம் தேடக்கூடும். கடற்பச்சை நமது ஊருக்கு இசைந்த நல்ல நிறம்; நான் சிபாரிசு செய்வேன். ஆனால் பலகையில் பூசிப் பார்க்குமுன், அந்த அறையில் நாளும் படுத்தெழும்பப் போகிறவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.